ஒரு வாளி நிறையப் பதினோரு மூச்சு: ஹட்டனில் தாய்மாருக்கான மூச்சுப் பயிற்சி வகுப்பு

எங்கள் லயத்துப் பீலியில், அதாவது தோட்ட வரிசை வீடுகளின் தண்ணீர்க் குழாயில், ஒரு வாளி நிறையப் பதினோரு மூச்சு ஆகிறது. நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. மழை விழுந்த மறுநாள் எட்டிலேயே நிறைந்துவிடும். தண்ணீர் நூலாக வந்த மாசி மாதத்தில் இருபதையும் தாண்டியது. முன்பெல்லாம் அதே வாளிக்கு முன்னால் நின்றுகொண்டு, கல்லில் போட்ட ரொட்டி கருகுமோ, மகள் எழும்பினாளோ, ஏழு மணிக்குள் பிள்ளைக் காம்பராவை (தோட்டத்தில் வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம், அங்கேதான் எனக்கு வேலை) திறந்துவிடுவேனோ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

மூச்சை எண்ண நான் கற்றது ஹட்டன் டவுனில், ஒரு கடைக்கு மேல்மாடியில், சனிக்கிழமை பின்னேரங்களில் நடக்கும் வகுப்பில். தாய்மாருக்கென்றே நடத்துகிறார்கள். ஆறு வாரம், வாரத்துக்கு 500 ரூபாய். தைப்பொங்கல் கழித்துத் தொடங்கிய தொகுதியில் சேர்ந்து ஒரு வாரமும் தவறாமல் போனேன். எப்படி இருந்தது, போகலாமா என்று எங்கள் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் நின்று விளக்கமாகச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற தாதி. தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கூப்பிடுகிற மாதிரியே நாங்கள் எல்லோரும் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டோம்.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, பதுளை, நுவரெலியா என்று மலை முழுக்க மண் இறங்கியது. எங்கள் லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மேட்டு லயத்துக்குப் பின்னால் இருந்த கரை சரிந்து, அங்கிருந்தவர்கள் பாடசாலையில் போய்த் தங்கினார்கள். அதற்குப் பிறகு தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும். வீட்டுக்காரருக்குக் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். வீட்டில் மாமி, நான், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதப் போகிற மகள், மூன்று வயது மகன். இரவில் மழை என்றால் பிள்ளைகளை இரண்டு பக்கமும் அணைத்துப் போட்டுக்கொண்டு, விடியும்வரை சுவரைக் கேட்டபடி கிடப்பேன். காலையில் அந்தக் கண்ணோடு பதினெட்டுப் பிள்ளைகளைப் பார்க்கப் போக வேண்டும். காம்பராப் பிள்ளைகளிடம் நான் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. அங்கே அடக்கியதெல்லாம் வீட்டில், பெற்ற பிள்ளைகள் மேல் வந்து விழுந்தது. மகள் என்னைக் கண்டால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) போக ஆரம்பித்தாள். அதைக் கவனித்த வாரம்தான் வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன்.

முதல்நாள் பதினான்கு பேர் இருந்தோம். கொழுந்தெடுக்கிறவர்கள் மூன்று பேர், டீச்சர்மார் இரண்டு பேர், தையல் வேலை செய்கிற ஒருவர், மற்றவர்கள் டவுனில் இருக்கிறவர்கள். பிளாஸ்டிக் கதிரைகள், வேண்டுமென்றால் பாய். கண்ணை மூடச் சொல்லித்தான் தொடங்குவார்கள் என்று நினைத்தேன். மிஸ்ஸி சுவரில் இருந்த மணிக்கூட்டைக் காட்டி, ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று எண்ணச் சொன்னார். மாடிப்படி ஏறி வந்த கையோடு எண்ணியதில் எனக்கு 22. சற்று இருந்துவிட்டு எண்ணினால் 17. சும்மா இருக்கிற வளர்ந்தவர்களுக்கு 12 முதல் 20 வரை சாதாரணம் என்றார். அப்புறம் ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்து, எந்தக் கை அசைகிறது என்று பார்க்கச் சொன்னார். எனக்கு நெஞ்சுக் கைதான் ஏறி ஏறி இறங்கியது.

"பால் குடிச்சிட்டுத் தூங்குற பிள்ளையோட வயித்தப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார் மிஸ்ஸி. நான் தினமும் பார்க்கிறேன். காம்பராவில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் நெஞ்சு அசையாது, வயிறு மட்டும் மெல்ல எழும்பி இறங்கும். நுரையீரலுக்குக் கீழே குடை மாதிரி உதரவிதானம் என்று ஒரு தசை இருக்கிறது, அது கீழே இறங்கினால்தான் காற்று நன்றாக உள்ளே வரும், அது இறங்குவதற்காகத்தான் வயிறு முன்னே வருகிறது என்று மிஸ்ஸி கையை விரித்துக் காட்டினார். இத்தனை வருடம் தொட்டிலைப் பார்த்தும் நான் இதை யோசித்ததில்லை.

இரண்டாம் வாரத்துக்காகவே 3,000 ரூபாயையும் கொடுக்கலாம் என்பேன்.

மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக, மூன்று விரலை வைத்து நாடியைப் பிடிக்கச் சொன்னார். எனக்குச் சீக்கிரம் கிடைக்கவில்லை. மிஸ்ஸி வந்து என் விரல்களைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். டக், டக், டக் என்று கிடைத்தது. "இப்ப மெதுவா மூக்கால இழுங்க." விரலுக்கு அடியில் துடிப்புகள் கொஞ்சம் நெருங்கி வந்தன. "இப்ப வாயைக் குவிச்சு, சூடான தேத்தண்ணிய ஊதுற மாதிரி விடுங்க. அவசரம் இல்ல." ஊத ஊத, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. மனப்பிரமை என்று நினைத்து மறுபடி செய்தேன், மறுபடியும் அப்படியே. பக்கத்தில் இருந்த கொழுந்தெடுக்கிற அக்கா என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கும் அப்படித்தானா?" என்று மெல்லக் கேட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாக அடிக்கும், வெளியே விடும்போது மெதுவாகும், இது எல்லா மனிதருக்கும் இயல்பு என்று மிஸ்ஸி விளக்கினார். மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கி இதயம், வயிறு வரைக்கும் போகிற வேகஸ் என்ற நரம்பு, வெளிமூச்சின்போது இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறதாம். அதனால்தான் உள்மூச்சை விட வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். நாலும் ஆறும் பத்து விநாடி, அப்படியானால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. நாலு, ஆறு சரிவராவிட்டால் மூன்று, ஐந்து என்று எண்ணுங்கள், வெளியே விடுவது நீளமாக இருந்தால் போதும் என்றார்.

எனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த இரண்டு மாதமும் எல்லோரும் என்னிடம் "பயப்படாத, ஒண்ணும் ஆகாது" என்றுதான் சொன்னார்கள். நானும் நெஞ்சுக்கு அதையேதான் சொல்லிப் பார்த்தேன், அது கேட்கவில்லை. இதயத்துக்கு நேராகக் கட்டளை போட யாராலும் முடியாது. மூச்சுக்குப் போடலாம், மூச்சு போகிற வழியில் இதயமும் வரும். என் விரலுக்கு அடியில் அதைத் தொட்டுப் பார்த்த பிறகு நான் யாருடைய வார்த்தையையும் நம்ப வேண்டியிருக்கவில்லை.

மாமிக்கு முதலில் இதில் விருப்பமில்லை. "இது பன்சலைல செய்யிறதுதானே?" என்றார், பௌத்த விகாரையைச் சொல்லி. நான் அதை அப்படியே போய் மிஸ்ஸியிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தான் கற்றது கலஹாவுக்குப் பக்கத்தில் நிலம்பே தியான நிலையத்தில் என்றும், மூச்சைக் கவனிப்பதைப் பௌத்தத்தில் ஆனாபானசதி என்று சொல்வார்கள் என்றும் சொன்னார். நம் பக்கத்தில் திருமூலர் காலத்திலிருந்தே பூரகம், கும்பகம், ரேசகம் (இழுப்பது, அடக்குவது, விடுவது) என்று மூச்சுக் கணக்கு இருக்கிறது என்றும், 1979 இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் என்பவர் இப்படிப்பட்ட பயிற்சிகளை வகுப்பாக்கி நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார் என்றும் சொன்னார். மாமிக்கு அமெரிக்கா முக்கியமாகப் படவில்லை. தேத்தண்ணி ஊதுகிற மாதிரி என்று நான் செய்து காட்டியதும்தான் நிமிர்ந்து பார்த்தார். "அட, கூடையோட மேட்டுல ஏறும்போது மூச்சு வாங்கினா நின்னு இப்படித்தான் ஊதுவோம். எங்க அம்மா சொல்லிக் குடுத்தது." நாற்பது வருடம் கொழுந்தெடுத்தவர். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் மகனைத் தானே பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம் மிஸ்ஸி செய்த ஒரு காரியம், வேலை மிகுந்த பெண்களை அவருக்கு நன்றாகத் தெரியும் என்று காட்டியது. தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. தினமும் எப்படியும் செய்கிற, எப்படியும் காத்து நிற்கிற ஒரு வேலையைச் சொல்லுங்கள், மூச்சை அதோடு கட்டிவிடுங்கள் என்றார். தையல் அக்கா பொபினில் நூல் சுற்றும் நேரத்தைச் சொன்னார். ஒரு டீச்சர் கரும்பலகையில் திகதி எழுதுவதற்கு முன் என்றார். கொழுந்தெடுக்கிற அக்கா மடுவத்தில் (கொழுந்து நிறுக்கிற கொட்டகையில்) நிறுவைக்கு வரிசையில் நிற்கிற நேரம் என்றார். நான் வாளியைச் சொன்னேன். இப்போது காலையில் ஆறு வாளி. அத்தனைக்கும் எண்ணுகிறேன் என்று சொல்லமாட்டேன், முதல் இரண்டுக்கு எண்ணுவேன். மனம் நடுவில் ரொட்டிக்கும் மகளுக்கும் ஓடும். ஓடினால் குற்றமில்லை, ஓடியதைத் தெரிந்துகொண்டு திரும்பி வருவதுதான் பயிற்சி என்று மிஸ்ஸி சொல்லியிருந்ததால் நான் கவலைப்படுவதில்லை.

அந்த வாரமே ஒரு சோதனை வந்தது. மகள் பின்னக் கணக்கில் மூன்றாம் தரமும் அதே பிழையை விட்டாள். அடுப்பில் பருப்பு பொங்குகிறது, மகன் காலைப் பிடித்து இழுக்கிறான். கை ஓங்கிவிட்டது. ஓங்கிய கை அங்கேயே நிற்க, ஒரு நீள மூச்சை ஊதி விட்டேன். கை தானாக இறங்கியது. மகள் தலையைக் குனிந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தாள். அடி வராததால் மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தாள். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்து, ஒரு ரொட்டியை நாலாகப் பிய்த்து வைத்து மறுபடி சொல்லிக் கொடுத்தேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். நாலாம் வாரம் வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் வேகவேகமாக மூச்சை இழுத்து விடவும், பிறகு முடிந்தவரை அடக்கவும் சொன்னார். சின்ன வயதில் கொட்டகலைக்கு ரயிலில் போகும்போது சிங்கமலைச் சுரங்கத்துக்குள் யார் கூட நேரம் மூச்சு அடக்குவது என்று நாங்கள் போட்டி போடுவோம், அது விளையாட்டு. இப்போது அடக்கியபோது, புயல் இரவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்ததுதான் நினைவுக்கு வந்தது, உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பக்கத்தில் ஒரு தங்கச்சிக்குத் தலை சுற்றி, விரல் நுனியெல்லாம் விறுவிறுத்தது. மிஸ்ஸி உடனே நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, அவளைச் சாதாரணமாக மூச்சு விட வைத்தார். தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு குறைந்துபோகும், தலைசுற்றலும் விறுவிறுப்பும் அதனால்தான் என்று பிறகு சொன்னார். இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கர்ப்பிணிகளும், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும், என்னைப் போலப் பயத்தில் இருக்கிறவர்களும் அந்த வேக மூச்சையும் அடக்குவதையும் விட்டுவிடுங்கள். நீளமாக வெளியே விடுவது மட்டும் போதும். கண்ணை மூடினால் பயமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னபோது, திறந்தே வைத்திருங்கள், ஜன்னலைப் பாருங்கள், பாதம் தரையில் படுவதை உணருங்கள் என்று மிஸ்ஸி சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

அதை விடப் பெரிய குறை, தாய்மாருக்கான வகுப்பில் பிள்ளைகளுக்கு இடமில்லை. நாலு வயதுப் பையனோடு வந்த ஒரு தாய், அவன் கதிரையை இழுத்த சத்தத்துக்கு மற்றவர்கள் திரும்பிப் பார்த்ததில் கூசிப்போய் அடுத்த வாரம் வரவில்லை. பக்கத்தில் ஓர் அறை, ஒரு பாய், பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் போதும். பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இது செலவு பிடிக்கிற காரியமில்லை. நேரமும் சரியில்லை. சனிக்கிழமை இரண்டரை மணிக்கு மலையில் கொழுந்து இருந்தால் எப்படி வருவது? கொழுந்தெடுக்கிற மூன்று பேரில் இரண்டு பேர் நாலாம் வாரத்தோடு நின்றுவிட்டார்கள். கொழுந்தெடுக்கிற ஒருத்திக்கு 3,000 ரூபாய் ஏறக்குறைய இரண்டு நாள் சம்பளம், காசைக் கொடுத்துவிட்டு நின்றுபோனது எனக்கு இன்னும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. வட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒலிப்பதிவும் 22 நிமிடம், புல்லாங்குழலோடு. எங்களுக்கு வேண்டியது இரண்டு நிமிடப் பதிவு. இதையெல்லாம் கடைசி நாளில் மிஸ்ஸியிடமே சொன்னேன், கொப்பியில் குறித்துக்கொண்டார்.

இன்னும் ஒன்று. மூச்சு என் வேலையைக் குறைக்கவில்லை. ஆறு வாளி ஆறு வாளிதான். வீட்டில் ஒரு வேலையையும் பங்குபோடாமல் "நீ மூச்சை இழுத்து விடு, சரியாகிவிடும்" என்று ஒரு பெண்ணிடம் சொல்வது நியாயமில்லை. ஆறாம் வாரம் வீட்டுக்காரர் வந்திருந்தபோது இதை அமைதியாகச் சொன்னேன், முன்பு அழாமல் சொல்ல முடிந்ததில்லை. இப்போது அவர் வருகிற நாட்களில் தண்ணீர் அவருடைய பொறுப்பு. அதேபோல, வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாகலாம் போல இருக்கிறது என்றால் வகுப்பை நம்பி இருக்காதீர்கள். மிட்வைஃபிடமோ ஆஸ்பத்திரியிலோ சொல்லுங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு எடுங்கள். மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும், எண்ணுவதை வழியில் எண்ணலாம். எங்கள் வாசலில் ஒரு பை எப்போதும் கட்டித் தயாராக இருக்கிறது: பிறப்புச் சான்றிதழ்கள், டோர்ச், மகனின் மருந்து.

பிள்ளைக் காம்பராவிலும் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கிறேன். பத்து மணிக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து தாய்மார் ஓடி வருவார்கள், இடுப்பில் கட்டிய படங்கும் அவிழ்க்காமல், நெஞ்சு ஏறி இறங்க. பதற்றத்தில் பால் இறங்கத் தாமதமாகும், பிள்ளை முகத்தைத் திருப்பி அழும், தாய்க்கு இன்னும் பதற்றம் கூடும். இப்போது முதலில் உட்கார வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, மூன்று தரம் ஊதச் சொல்கிறேன். அரை நிமிடம்தான். போன வாரம் ஒரு சின்னத் தாய் அப்படி ஊதிவிட்டுப் பிள்ளையை வாங்கினாள். பிள்ளை ஒரு தரம் உதறி, பிடித்துக்கொண்டது. அவள் தோள் இரண்டும் இறங்குவதைப் பார்த்தேன். அப்புறம் அங்கே பால் குடிக்கிற சத்தம் மட்டும்தான்.

மழை இரவில் எனக்கு இன்னும் விழிப்பு வருகிறது. எழும்பி, பையைத் தொட்டுப் பார்த்து, போனில் எச்சரிக்கை ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுப்பேன். மகனின் வயிற்றில் கை வைத்து அவன் மூச்சோடு எண்ணுவேன். அவனுடையது என்னுடையதை விட வேகம், அதனால் அவனுக்கு இரண்டு என்றால் எனக்கு ஒன்று. சில இரவுகளில் முப்பதைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறேன். சில இரவுகளில் இல்லை.

அப்படியானால் போகலாமா? போங்கள். முதல் மூன்று வாரத்தைத் தவறவிடாதீர்கள், நாலாம் வாரத்தில் உங்கள் உடம்பு சொல்வதைக் கேளுங்கள், ஐந்தும் ஆறும் பழையதைத் திருப்பிச் செய்வதுதான், முடிந்தால் போங்கள். மாடியில் குளிர்காற்று அடிக்கும், ஒரு சால்வை எடுத்துப் போங்கள். அடுத்த தொகுதியை ஞாயிறு காலைக்கு மாற்றப் பார்ப்பதாக மிஸ்ஸி சொல்லியிருக்கிறார். அதற்கு மாமியின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். முழங்கால் வலி இருப்பதால் பாய் சரிவராது, ஜன்னலுக்குத் தள்ளி ஒரு கதிரை வேண்டும் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.